கட்டில் சட்டம்

டிசம்பர் 27, புதன்

வலது கை அசையவில்லை. வலது காலில் கட்டைவிரல் இரண்டு முறை அசைந்தது. பேச்சு: "அது" மட்டும்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் இப்படித் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடையில் கொடுத்த டைரி இது. புது வருடத்துக்கானது, ஆனாலும் முன்னால் உள்ள வெற்றுத் தாள்களில் இன்றே ஆரம்பிக்கிறேன். இரண்டு வரியோடு நிறுத்தினால் மீதித் தாள் சும்மா கிடக்கிறது. பத்தாவது வரை படித்தவள் நான். இன்னும் எழுத்து கைவிட்டுப் போகவில்லை என்று எனக்கே தெரிந்துகொள்ளலாம்.

பக்கவாதம் வந்து அவர் விழுந்தது ஐப்பசி கடைசியில். அன்றிலிருந்து மிஞ்சியது ஒரே சொல். "அது" என்றால் தண்ணீர். "அது" என்றால் மூத்திரம். "அது" என்றால் நான் செய்வது தப்பு. மூன்றாவதைத்தான் அதிகம் சொல்கிறார். முப்பத்தைந்து வருடமாகவே அப்படித்தான், இப்போது சுருக்கிக்கொண்டார்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து தினகரன் பேசினான். "அம்மா, பொங்கலுக்கு வர்றேன். அதுக்குள்ள தட்டு அறுத்துப் போர் போட்டிருந்தா நான் வாயே திறக்கலை. இல்லீன்னா மாட்டையெல்லாம் வித்துப்போட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்திருங்க." அவன் இருப்பது நாலாவது மாடி. அங்கே போனால் இவர் ஜன்னலையும் நான் சுவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சரி என்று மட்டும் சொன்னேன்.

மூன்று ஏக்கர் சோளத்தட்டு நிற்கிறது. அதை அறுத்துக் காய வைத்து, வைக்கோல் மாதிரி குவித்துப் போர் போட்டால் ஐந்து கறவைகளுக்கும் அடுத்த மழை வரை கவலை இல்லை. அறுக்கத்தான் ஆள் இல்லை. காலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வேன் வந்து, இடுப்பு வளைகிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

மார்கழிக் குளிர் தாங்கவில்லை. வெந்நீர் அடுப்புக்கு வைத்திருந்த விறகெல்லாம் ஈரம். கொட்டகை மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்த மூன்று கட்டைகளை வைத்து எரித்தேன். நன்றாகக் காய்ந்த வேம்பு, புகையே இல்லை. இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு இரும்பு வளையம் செருகியிருந்தது. சாம்பலில் ஆறு வளையம் கிடைத்தது. எதற்காவது ஆகும் என்று ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 29, வெள்ளி

கட்டைவிரல் அசைந்தது. கை இல்லை.

இன்று வெல்டிங் பட்டறை நாச்சிமுத்துவை வரச் சொன்னேன். கொட்டகையில் கிடக்கும் புல்லறுப்பானைக் காட்டத்தான். போன ஆடியில் ஒரு மாட்டுப் பண்ணை ஏலத்தில் இவர் எடுத்துக்கொண்டு வந்தது. இறக்கிய அன்றே "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று சொன்னேன். அன்று என்னை முறைத்துவிட்டு ஆவணி, புரட்டாசி முழுக்க அதோடேயே கிடந்தார். என்ன செய்தார் என்று நான் எட்டிப் பார்த்தது கூட இல்லை.

ஐந்தடி நீள இரும்புப் பட்டை. அதில் வரிசையாக இரும்பு விரல்கள். விரல்களுக்கு நடுவே முக்கோணக் கத்திகள் கோத்த தகடு ஒன்று, முடிவெட்டுகிற மெஷின் மாதிரி, இப்படியும் அப்படியும் ஓட வேண்டும். டிராக்டரின் பின்னால் சுற்றுகிற தண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் கத்தியை இழுத்துத் தள்ளும். இப்போதைக்கு அதன் மேல் ஒரு கோழி முட்டை வைத்திருக்கிறது.

நாச்சிமுத்து குத்த வைத்து அரை மணி நேரம் பார்த்தான். "அக்கா, கத்தியெல்லாம் தீட்டிக் கிரீஸ் தடவி வெச்சிருக்காரு மாமா. இந்தச் சக்கரத்துக்கும் கத்திக்கும் நடுவால ஒரு தண்டு இருந்திருக்கோணும். அதுதான் காணோம்."

"நீயே ஒண்ணு பண்ணிக்க மாட்டயா?"

"பண்ணிக்கலாங்க. ஆனா உங்க வண்டியோட வயசுக்கும் இதோட வயசுக்கும் பொருத்தம் பாக்கோணுமே."

எங்கள் டிராக்டருக்கு ஐம்பது வயது. எனக்கு ஐம்பத்தெட்டு. நான் ஓடவில்லையா என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அளவு எடுக்க ஆரம்பித்தான்.

டிசம்பர் 31, ஞாயிறு

கை இல்லை. கால் நேற்றுப் போலவே.

புல்லறுப்பானை டிராக்டரில் மாட்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. டிராக்டரின் பின்னால் உள்ள இரண்டு தூக்குக் கைகளின் ஓட்டை பெரிது, அதில் செருக வேண்டிய இதன் இரும்பு ஊசி சிறிது. நாச்சிமுத்து குழாய் வெட்டி உள்ளே செருகிச் சரிக்கட்டினான். பின்தண்டில் பல் பொருந்துகிறது, ஆனால் நீளம் நாலு விரற்கடை அதிகம். கழற்றி, அறுத்து, மறுபடி மாட்டினோம். நான் டிராக்டருக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தேன். தூக்குக் கையை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது பட்டை சாய்ந்து தொங்கியது. மறுபடியும் கழற்றினோம். நாலாவது தடவைதான் சமமாக நின்றது.

இடது தோளில் வலி, முழங்கை வரை இறங்குகிறது. ஸ்பேனர் பிடித்ததால்தான்.

கோழிக்கு வேறு கூடை வைத்தேன். உட்கார மாட்டேன் என்கிறது.

ஜனவரி 2, செவ்வாய்

அலுப்பாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை. கை இல்லை.

ஜனவரி 4, வியாழன்

கால் கட்டைவிரலோடு பக்கத்து விரலும் அசைந்தது. உடற்பயிற்சிப் பெண் கைதட்டினாள்.

நாச்சிமுத்து தண்டு செய்து வந்துவிட்டான். கனமான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் தடித்த பட்டை வைத்துப் பற்றவைப்பு. "இது உங்க பேரன் காலத்துக்கும் ஒடியாதுங்க அக்கா" என்றான். கட்டிலில் கிடந்த அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஆசையாகத்தான் காட்டினேன்.

பார்த்த உடனே முகம் கோணிப்போனது. இடது கையால் கட்டிலின் சட்டத்தை ஓங்கி ஓங்கிக் குத்த ஆரம்பித்தார். "அது. அது. அது." தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். பாத்திரம் வைத்தேன், அதுவும் வேண்டாமாம். கட்டிலைத்தான் குத்துகிறார்.

"மாமாவுக்கு என் மேல கோவமாட்ட இருக்குதுங்க" என்றான் நாச்சிமுத்து.

"அவருக்கு எல்லார் மேலயும் கோவந்தான். நீ போய் மாட்டு" என்று சொல்லி அனுப்பினேன். அவர் வாங்கிய பொருளை அவர் இல்லாமல் நான் ஓட்டப் போகிறேன் என்ற பொறாமை, வேறென்ன.

சாயங்காலம் சொசைட்டிக்குக் கொண்டுபோன பால் கேன் கை நழுவி விழுந்தது. பாதிப் பால் மண்ணில். இடது கை சமயத்தில் பிடி விடுகிறது. குளிர் காலம், மரத்துப்போகிறது.

ஜனவரி 6, சனி

காலையில் பனி காய்ந்ததும் டிராக்டரை நான்தான் எடுத்தேன். எரு அடிக்கவும் உழவோட்டவும் முதல் கியரில் எத்தனையோ வருடம் ஓட்டியவள்தான். அவர் பக்கத்தில் நின்று கத்தாமல் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

சொன்னால் நம்ப மாட்டார்கள். வெட்டியது! கடகடவென்று ஊரைக் கூட்டுகிற சத்தம், ஸ்டியரிங்கே உதறுகிறது, ஆனால் ஆள் உயரத் தட்டு அப்படியே மடிந்து மடிந்து பின்னால் படுக்கிறது. பத்துப் பேர் ஒரு நாள் முழுக்கக் குனிந்தாலும் இந்த வேகம் வராது. அரை ஏக்கர் போயிருக்கும். நாலாவது மாடி என் கண்ணிலிருந்து மறைந்தேவிட்டது. ஏழாவது சாலில் பழைய எல்லைக்கல் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை.

டமார் என்று ஒரு சத்தம். கத்தி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். நாச்சிமுத்துவின் இரும்புத் தண்டு துளிக்கூட வளையவில்லை. சக்கரம்தான் மையத்திலிருந்து ஓரம் வரை பிளந்து கிடந்தது.

நாச்சிமுத்து வந்து பிளவை விரலால் தடவிப் பார்த்தான். "வார்ப்பு இரும்புங்க அக்கா. சும்மா பத்த வெச்சா மறுபடியும் விட்டுப்போகும்" என்றான்.

கை இல்லை. கால் பார்க்கவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் கஞ்சி ஊட்டும்போது மறுபடி கட்டிலைக் குத்த ஆரம்பித்தார். "அது. அது." எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எது? எதுன்னு சொல்லித் தொலைங்க. ரெண்டு மாசமா ஒத்தையாக் கிடந்து சாகறேன், உங்களுக்குக் கட்டிலைக் குத்தறது ஒரு வேலையா?" என்று கத்திவிட்டேன். கிண்ணத்தையும் தரையில் வீசினேன். மாடுகள் கூடத் திரும்பிப் பார்த்தன.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, இந்தத் தடவை குத்தாமல், சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பிறகு முனையில் ஒரு விரலை ஊன்றித் திருகிக் காட்டினார், துளை போடுவது போல. மறு முனைப் பக்கமும் அதே மாதிரி.

கயிற்றுக் கட்டில். சட்டம் வேம்பு.

எழுந்துபோய் ஜன்னலிலிருந்து ஆறு வளையத்தையும் எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"எரிச்சுப்போட்டேனுங்க" என்றேன். "மூணையுமே. வெந்நீர் வெக்க. நீங்க செஞ்சு வெச்ச தண்டுன்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் உடம்பு குலுங்கியது. பாதி முகம் மட்டும் அசையும் மனிதர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது, சிரிப்புதான். ஐப்பசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. அந்த வெந்நீரில் குளித்ததும் அவர்தானே. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கட்டிலைப் பிரித்துவிட்டோம். அவரே கயிற்றின் முடிச்சை இடது கையால் காட்டினார். இப்போது தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். இரண்டு நீளச் சட்டத்திலிருந்து இரண்டு தண்டு.

நாச்சிமுத்து முதலில் கருவேலங்கட்டை ஒன்றுதான் கொண்டுவந்தான், "வேம்பு தாங்காதுங்க மாமா" என்று. அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கருவேலத்தைத் தூரத் தள்ளி, வேம்பைக் கிட்டே இழுத்து, இரண்டு முனையையும் பிடித்து முறிப்பது போல நாச்சிமுத்துவுக்குச் சைகை செய்யப் பார்த்தார். ஒரு கைதான் வந்தது. மறு கைக்கு நான் பிடித்தேன். அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு விளங்கியது.

"ஓஹோ. ஒடியறதுக்குன்னே மரம் வெக்கறதுங்களா. கல்லுல மாட்டுனா மரம் ஒடிஞ்சு மரத்தோட போயிருமுங்க அக்கா. நான் வெச்ச இரும்பு ஒடியல, அதனாலதான் அது பக்கத்துல இருந்ததை ஒடிச்சுப்போட்டுது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். இந்த வீட்டில் இவ்வளவு பெரிய பாராட்டை வேறு யாரும் வாங்கியதில்லை.

சக்கரத்துக்குப் பித்தளை வைத்துப் பற்ற வைத்திருக்கிறான். பொன்னிறத்தில் ஒரு தழும்பு. கை: இல்லை. ஆனால் சைகை காட்டும்போது வலது தோள் கூடவே எழுந்த மாதிரி இருந்தது. என் கண்ணின் ஆசையாகவும் இருக்கலாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தட்டுத் தூசிதான் காரணம்.

ஜனவரி 11, வியாழன்

ஒரு ஏக்கர் அறுத்தேன். மரத்தண்டில் உதறலே இல்லை, சத்தமும் பாதிதான். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வயல் ஓரத்து வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சால் திரும்பும்போதும் இடது கையைத் தூக்குவார். வேகம் குறை என்றால் உள்ளங்கை கீழே, சரி என்றால் மேலே. பக்கத்தில் நின்று கத்துவதை விட இது எவ்வளவோ தேவலை.

படுத்தால் எழ முடியாது என்று உட்கார்ந்தே எழுதுகிறேன். தோள் வலிக்குத் தைலம் தேய்த்தேன். அவருக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் தேய்த்தேன், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

ஜனவரி 12, வெள்ளி

இன்று அரை ஏக்கர் ஆனதும், போன வருடம் வெட்டிய வெள்வேல மரத்தின் அடிமோட்டில் கத்தி மாட்டியது. பட் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தண்டு நடுவில் முறிந்து தொங்கியது. சக்கரம் முழுசாக இருந்தது. கத்தி முழுசாக இருந்தது. இன்னொரு தண்டு வீட்டில் இருக்கிறது. மாட்டினால் இன்னும் ஒரு ஏக்கர்தான் பாக்கி.

முறிந்த துண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். பாதி வழியில் நெஞ்சின் நடுவில் அம்மிக் கல்லை வைத்த மாதிரி இருந்தது. வியர்த்தது. மார்கழிக் காற்றில் வியர்த்தது. எப்படியோ போய் அவர் காலடியில் அறுத்த தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒடிஞ்சுபோச்சுங்க. வேற ஒண்ணுமே ஆகலை" என்று துண்டை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து, விழுந்துவிடுவாரோ என்று நான் பயப்படும் அளவுக்குக் குனிந்து, இடது கையை என் இடது தோளில் வைத்தார். தோளிலிருந்து முழங்கை வரை அழுத்திக்கொண்டே வந்தார். வலி இறங்குகிற அதே தடம்.

"அது" என்றார்.

தண்ணீரும் இல்லை, மூத்திரமும் இல்லை, தப்பும் இல்லை. இரண்டு வாரமாக அவர் எதிரில் அந்தக் கையைத் தூக்காமல் இருந்தேன். கேனைத் தவறவிட்டதை மறைத்தேன். முதுகு காட்டித் தைலம் தேய்த்தேன். இந்த டைரியிலும் ஸ்பேனர் என்றும் குளிர் என்றும் தூசி என்றும்தான் எழுதியிருக்கிறேன், இப்போது பின்னால் திருப்பிப் பார்க்கிறேன். படுத்துக் கிடக்கிறவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை. எல்லாம் பார்த்திருக்கிறார்.

பயமாக இருந்தது. அவருக்காகப் பயந்து பயந்து, எனக்காகப் பயப்பட மறந்தே போயிருந்தேன்.

போனை எடுத்தேன். "தினகரா. சாமி. எனக்கு முடியலை."

நான் இப்படிச் சொல்லி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. "பொங்கலுக்கு வர வேண்டாம். இப்பவே கிளம்பு" என்றேன். நாச்சிமுத்துவுக்கும் சொல்லிவிட்டேன், கார் எடுத்து வந்துகொண்டிருக்கிறான். எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அவருக்குச் சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று.

ஜனவரி 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நர்ஸ் எழுதக் கூடாது என்கிறாள்.

தினகரன் போனில் படம் காட்டினான். இரண்டாவது தண்டை மாட்டி அவனும் நாச்சிமுத்துவும் மீதி ஏக்கரை முடித்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மகனுக்கு உள்ளங்கை கீழே என்று காட்டிக்கொண்டிருக்கிறார். நான் எல்லோரையும் பயமுறுத்திய வெள்ளிக்கிழமையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துப் பார்வதி அக்கா வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம். அதுதான் கொஞ்சம் கோபம்.

ஜனவரி 28, ஞாயிறு

அவர்: வலது சுண்டுவிரல் அசைகிறது. சந்தேகமே இல்லை, மூன்று பேர் பார்த்தோம்.

நான்: நெஞ்சில் இரண்டு இடத்தில் அடைப்பு, இரண்டுக்கும் ஸ்டென்ட் வைத்தாயிற்று. கனம் தூக்கக் கூடாது. ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், தினகரன் வேண்டாம் என்று கை காட்டினான். உடற்பயிற்சிப் பெண் இனி டைரியில் இரண்டு பேரைப் பற்றியும் எழுதச் சொல்லிவிட்டாள்.

போர் போட்டாயிற்று. நல்ல போர், வாசம் வீட்டுக்குள் வரை வருகிறது. ஆனாலும் மூன்று கறவைகளைக் கொடுத்துவிட்டோம். வண்டியில் ஏறும்போது சிவலைப் பசு திரும்பிப் பார்த்தது, நான் உள்ளே போய்விட்டேன். இரண்டு இருக்கின்றன. அவ்வளவுதான் என்னால் ஆகும். இந்த வருடம் இங்கேதான் என்று மகன் ஒத்துக்கொண்டான். அடுத்த வருடப் பேச்சை அடுத்த வருடம் பேசலாம்.

"ஏம்மா முன்னாலயே சொல்லலை?" என்று கேட்டான். யாராவது ஒருவர் ஒடியாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தேன் போல. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறான். அதைத் தட்டினால் ஊருக்கே கேட்கிறது. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

மத்தியானம் நாச்சிமுத்து புது வேப்பங்கட்டை கொண்டுவந்து, அந்த ஆறு வளையத்தையும் சேர்த்து மூன்று தண்டு செய்து கொடுத்தான். அவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பாதி முகத்தில் சிரிப்பு. எதற்கென்று எனக்குத் தெரியாதா. டிராக்டருக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. மூன்றிலும் "விறகு அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டினேன்.

எனக்காக எழுதவில்லை, எனக்குத்தான் தெரியுமே. அடுத்த மார்கழியில் அவருக்கு வெந்நீர் வைக்கப் போவது யாரோ.